எட்டரை ஷிப்டுக்கு எந்த வண்டி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை ஷிப்ட் எட்டரைக்கு ஆரம்பம். சாயங்காலம் ஐந்தரைக்கு முடியும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். அன்றைக்கு வெளியே வர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஊருக்கு ஒரு பஸ் வேண்டும் என்று பேசத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்த மூன்று நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வண்டி என்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் ஊர் கொடுவாய்ப் பக்கம், தாராபுரம் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே. ரோட்டுக்கு வந்துவிட்டால் திருப்பூர் சுமார் 20 கிலோமீட்டர். முன்பு ஒரு டவுன் பஸ் ஊருக்குள் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கொரோனா ஊரடங்கில் நின்றது, திரும்ப வரவே இல்லை. இப்போது ஆண்கள் டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட்டில் போகிறார்கள். பெண்கள் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, ஏற்கனவே படிக்கட்டு வரை நிரம்பி வரும் பஸ்ஸில் ஏறப் பார்க்கிறார்கள். சிலர் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் பீஸ் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஊர்க்கூட்டத்தில் பஸ் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எது என்பதில்தான் இழுபறி. பெரியவர்கள் நின்றுபோன டவுன் பஸ்ஸையே கேட்போம் என்கிறார்கள். இளைஞர்கள் புதுத் திட்டத்தில் மினி பஸ் கேட்கலாம் என்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு வேன் பிடிப்போம் என்று ஒரு கட்சி. கம்பெனிக்காரனையே வண்டி அனுப்பச் சொன்னால் முடிந்தது என்று இன்னொரு கட்சி. நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். ஷேர் ஆட்டோவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 24 கிலோமீட்டருக்கு அது ஆகிற காரியம் இல்லை.

கம்பெனி வண்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கேட்க அதுதான் சுகமாக இருக்கிறது. காசு கிடையாது, வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொள்வார்கள், கேட்டுக்குள் கொண்டுபோய் இறக்குவார்கள். திருப்பூரைச் சுற்றிப் பல கிராமங்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. சட்டப்படியும் இதில் ஒரு நன்மை உண்டு. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்தால், அதை வேலையில் நடந்த விபத்தாகவே இ.எஸ்.ஐ. காப்பீடு எடுத்துக்கொள்கிறது. நாமாகப் பஸ்ஸிலோ எக்ஸ்எல்லிலோ போய் அடிபட்டாலும் அது கைகொடுக்கும். ஆனால் அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தது என்று நிறுவ வேண்டியிருக்கும். வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் மளிகைக் கடைக்கு ஒதுங்கியிருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனை இருந்தும் கம்பெனி வண்டியை ஊருக்கான பஸ் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் ஐந்தரை மணி. ஒரு ஷிப்ட் போதும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு பெண் நினைக்கிறாள். வண்டியில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் வண்டி ஒன்பது மணிக்குத்தான் கிளம்பும். ஊருக்கு வேறு பஸ் கிடையாது. அவளும் மெஷினில் உட்கார வேண்டியதுதான். ஓவர்டைம் பார்க்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வண்டி கட்டாயப்படுத்துகிறது. கம்பெனி மாறவும் முடியாது. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் அதிகம் தருகிறார்கள் என்றால், அங்கே எங்கள் ஊர்ப் பக்கம் வண்டி வருமா என்பதுதான் முதல் கேள்வி. ஆர்டர் குறைந்த மாதத்தில் முதலில் நிற்பதும் இந்த வண்டிதான். செக்கிங்கில் இருக்கும் அம்மாவும், டைலரிங்கில் இருக்கும் மகளும் வேறு வேறு கம்பெனி என்றால் ஒருத்திக்கு வண்டி உண்டு, இன்னொருத்திக்கு இல்லை. கல்லூரிப் பையன், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி கதையெல்லாம் பேசவே வேண்டாம். வருகிற கம்பெனி வண்டி வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? அதைக் காட்டி "உங்கள் ஊருக்குத்தான் வண்டி வருகிறதே" என்று மனுவை ஓரங்கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வேன் விஷயத்தில் கணக்கும் சட்டமும் இரண்டும் உண்டு. 12 பேர் உட்காரும் மேக்சி கேப்பை மாத வாடகைக்குப் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர், டீசல் சேர்த்து 30,000 ரூபாய் என்றால் தலைக்கு 2,500. ஒருவர் நின்றுவிட்டால் மீதிப் பேர் தலையில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். இரண்டு பேர் நின்றால் சண்டை ஏறும். எக்ஸ்எல்லில் தனியாகப் போகிறவருக்கு ஆகும் செலவைப் பாருங்கள்: போக வர 48 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கொடுத்தாலும் பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தொட்டிருக்கிற காலத்தில் மாதம் 25 நாளைக்கு 2,400. அதாவது எக்ஸ்எல் வைத்திருக்கிற ஆண்கள் வேனுக்கு வரமாட்டார்கள். இன்னொருவரைப் பின்னால் ஏற்றினால் அவர்களுக்குப் பாதிதான் ஆகிறது. வேன் முழுக்கப் பெண்களைத்தான் நம்பி ஓட வேண்டும். அவர்களுக்கோ 2,500 என்பது பல நாள் ஷிப்ட் கூலி. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறியதும் டிரைவர் நோட்டை எடுப்பார். அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டவர் "நான் வராத நாளுக்கு எதுக்குங்க காசு?" என்பார். இந்த ஒரு கேள்விக்கு முதல் நாளே எழுத்தில் பதில் இல்லாத வேன் ஏற்பாடு மூன்று மாதம் தாண்டுவது கஷ்டம்.

சட்டத்தில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இரண்டு வகைப் பர்மிட்டைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்த வாகனம் என்றால் மொத்தமாகப் பேசிக்கொண்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம். வழியில் கை காட்டுகிறவரை ஏற்றித் தனியாகக் காசு வாங்கி, நடுவில் இறக்கிவிட்டால் அது பஸ் வேலை. அதற்கு வேறு பர்மிட். வேன்காரர்கள் காலி சீட்டைப் பார்த்தால் இதைத்தான் செய்வார்கள். வாடகைக்கு ஓட்டக் கூடாத வெள்ளை போர்டு வண்டியை, உறவுக்காரர் வண்டி என்று நம்பிப் பேசுவது இன்னும் மோசம். எல்லாம் நன்றாக ஓடும், ஒரு விபத்து வரும் வரைக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது பர்மிட்டைத்தான்.

இனி மினி பஸ். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை, 1997 வாக்கில் தொடங்கிய யோசனை. பெரிய பஸ் போகாத ஊர்களைப் பெரிய பஸ் போகும் ரோட்டோடு சேர்ப்பதுதான் அதன் வேலை. புதிய விரிவான மினி பஸ் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் அறிவிக்கை வந்தது, ஜூன் 16-ம் தேதி தஞ்சாவூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஓட்டுவது தனியார், தடத்தை முடிவு செய்வது அரசு. ஒரே தடத்துக்குப் பலர் விண்ணப்பித்தால் குலுக்கல்.

எங்கள் இளைஞர்கள் நினைத்தது, ஊரில் ஏறினால் திருப்பூரில் இறங்கலாம் என்று. விதியைப் படித்தால் அது நடக்காது. மொத்தத் தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். நம்முடையது 24, அதுவரை சரி. ஆனால் தடத்தில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். 24-ல் 65 சதவீதம் என்றால் பதினைந்தரைக்கு மேல். நம்மிடம் இருப்பது 4 கிலோமீட்டர். மீதி 20-ம் தாராபுரம் ரோடு, எந்நேரமும் பஸ் போகிற ரோடு. ஆக நமக்கு மினி பஸ் என்றால் சுற்றியுள்ள குக்கிராமங்களைக் கோத்துக்கொண்டு கொடுவாயில் கொண்டுவந்து விடுகிற வண்டிதான். அங்கே இறங்கி, மறுபடி அதே நிரம்பி வழிகிற பஸ்ஸில் ஏற வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நின்றுபோன டவுன் பஸ் காகிதத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அந்த 4 கிலோமீட்டரும் பஸ் உள்ள பாதை என்று யாராவது சொல்லிவிடலாம். மினி பஸ் கேட்டு மனு போடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இதை நேரில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

கட்டணம் குறைவுதான், 4 ரூபாயில் தொடங்கி 10 ரூபாய்க்குள் அடங்குகிறது. பயணிக்கு நல்லது. ஓட்டுகிறவர் பக்கம் இருந்து பார்த்தால் தலை சுற்றும். 25 சீட்டும் நிரம்பி, எல்லோரும் கடைசி வரை பயணம் செய்து 10 ரூபாய் கொடுத்தால் ஒரு நடைக்கு 250. லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 20 கிலோமீட்டர் ஓடினால் டீசல் மட்டும் 260 ரூபாய் ஆகிறது. நிற்கிறவர்களையும் சேர்த்தால்தான் ஏதாவது மிஞ்சும். காலையில் போகும்போது நிரம்பும், திரும்பி வரும்போது காலி. சாயங்காலம் நேர்மாறு. எட்டரை ஷிப்டுக்கு ஒரு வண்டியால் உருப்படியாக ஒரு நடைதான் போக முடியும். அந்த ஒரு நடைக் காசை வைத்து நாள் முழுக்க வண்டி ஓட்ட முடியாது. அதனால் மினி பஸ்காரர் பார்ப்பது பள்ளிக்கூட நேரத்தையும், சந்தை நாளையும், முகூர்த்தத்தையும். இரவு ஒன்பதுக்கு கொடுவாயில் நான்கு பெண்கள் இறங்குவார்கள் என்று அவர் காத்திருப்பாரா? டைம் ஷீட்டில் எழுதியிருந்தால் சில மாதம் காத்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கணக்கு அது.

சரி, டவுன் பஸ்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ஆய்வு நடந்த இடங்களில் திருப்பூரும் ஒன்று. பெண்களிடம் வாங்காத டிக்கெட் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது, 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 3,600 கோடி ஒதுக்கினார்கள். இந்தச் சலுகை தாராபுரம் ரோட்டில் போகும் ரூட் பஸ்களில் கிடையாது, தனியார் பஸ்ஸில் கிடையாது, மினி பஸ்ஸில் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்கள் மினி பஸ்ஸுக்கும் கொடுத்து, கொடுவாயிலிருந்து ரூட் பஸ்ஸுக்கும் கொடுத்துப் போவதும், ஊரில் ஏறித் திருப்பூரில் இறங்கும் டவுன் பஸ்ஸில் ஒரு காசு இல்லாமல் போவதும் ஒன்றாகாது. ஆண்களுக்கும் மோசமில்லை. பஸ் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு ஏறவில்லை. எக்ஸ்எல் பெட்ரோலுக்கு முன்னால் அது சில்லறை.

டவுன் பஸ்ஸின் குறை எல்லோருக்கும் தெரியும். ஆள் பற்றாக்குறை என்றால் டிரிப் கட். தீபாவளி, பொங்கல் சிறப்புப் பேருந்து என்றால் கிராமத்து வண்டிக்குத்தான் முதல் ஆபத்து. வண்டி பழசு, மழைக்கு ஒழுகும். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த நான்கில் நாம் மனு எழுதிக் கேட்கக்கூடிய, கேட்டதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டிய ஒரே வண்டி இதுதான். வேன் டிரைவர் போனை அணைத்துவிட்டால் யாரிடம் போவீர்கள்?

கேட்கும்போது எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "எங்கள் ஊருக்குப் பஸ் வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினால், போக்குவரத்துக் கழகக் கிளையில் எந்த வண்டிக்கு எந்த நேரத்தில் ஓய்வோ அந்த நேரத்தில் ஒரு நடை கிடைக்கும். பதினொன்றரை மணிக்கு ஒரு பஸ் வந்து, யாரும் ஏறாமல் போய், ஆறு மாதத்தில் கலெக்‌ஷன் இல்லை என்று நிற்கும். இப்படி நின்றுபோன தடங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கின்றன.

நாங்கள் கேட்க வேண்டியது நைட் ஹால்ட். கடைசி நடையாக இரவு ஊருக்கு வந்து, இங்கேயே நின்று, காலையில் முதல் நடையாகக் கிளம்பும் பஸ். கொங்கு நாட்டில் இன்றைக்கும் பல கிராமங்களில் கோயில் மைதானத்திலோ ஆலமரத்தடியிலோ இப்படி ஒரு பஸ் படுத்திருப்பதைப் பார்க்கலாம். டிரைவரும் கண்டக்டரும் மத்தியானம் டூட்டி ஏறுவார்கள், இரவு பஸ்ஸிலேயே தூங்கி, மறுநாள் மத்தியானம் இறங்குவார்கள். ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வருகிறவளுக்குக் கடைசி பஸ்ஸும், எட்டரைக்குப் போகிறவளுக்கு முதல் பஸ்ஸும் ஒரே வண்டியில் கிடைக்கும் ஏற்பாடு வேறு எதிலும் இல்லை. அவர்களுக்கும் லாபம் உண்டு: இரவில் காலி வண்டியை டெப்போவுக்கு ஓட்டி, விடியற்காலையில் மறுபடி காலியாகக் கொண்டுவரும் டீசல் மிச்சம்.

இதற்கு ஊரும் கொஞ்சம் செலவு செய்ய வேண்டும். பழைய பஸ் வந்த காலத்தில் கண்டக்டர் ஒருவர் டீக்கடையில் கேட்டது நினைவிருக்கிறது: "பஸ்ஸுல படுத்துக்கறதெல்லாம் சரிங்க. கொசு கடிச்சாலும் பரவால்ல. காலைல எந்திரிச்சு எங்கீங்க போறது?" அவர் கேட்டதில் தப்பில்லை. பூட்டு சாவியோடு ஒரு கக்கூஸ், குழாய், ஃபேன் ஓடும் ஒரு அறை, கலெக்‌ஷன் பணத்தை வைத்துக்கொண்டு பயமில்லாமல் தூங்க ஒரு லைட். சமுதாயக்கூடத்தின் ஓரத்து அறையைச் சுத்தம் செய்தாலே போதும். இது இல்லாத ஊரில் ஹால்ட் டூட்டிக்கு யாரும் விரும்பி வரமாட்டார்கள், வருகிறவர்களும் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு ஒரு நாள் "ரோடு சரியில்லை" என்று காரணம் எழுதி நடை நிற்கும்.

ரோட்டையும் பார்த்துவிட வேண்டும். பெரிய பஸ் ஒரே வெட்டில் திரும்ப இடம் இருக்கிறதா, வாய்க்கால் பாலத்தில் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, புளியமரக் கிளை கூரையில் உரசுகிறதா, குறுக்கே போகும் மின்கம்பி எவ்வளவு தாழ்வு. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பது இவற்றைத்தான். கிளையை வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், மின்கம்பிக்கு மட்டும் மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனுவில் புதிய வழித்தடம் என்று எழுத வேண்டாம், நின்றுபோன நடையைத் திரும்ப இயக்கக் கோரி என்று எழுதலாம். பழைய தட எண்ணையும் சேர்க்கலாம். புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்வதைவிட ஏற்கனவே ஓடியதை ஓட்டச் சொல்வது அதிகாரிக்கும் எளிது. கூடவே தலைக்கணக்கு: எட்டரை ஷிப்டுக்குப் போகிறவர்கள் இத்தனை பேர், ஐந்தரைக்குத் திரும்புகிறவர்கள் இத்தனை, ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் இத்தனை, எந்த ஸ்டாப்பில் இறங்குகிறார்கள். வீடு வீடாகப் போய் எடுத்தால் ஒரு வாரத்தில் முடியும். கிராம சபைத் தீர்மான நகலை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்று, கிளை மேலாளரிடம் ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. காலை 7.15-க்கு ஊரிலிருந்து புறப்பட வேண்டும், இரவு 9.15-க்குத் திருப்பூரிலிருந்து கிளம்ப வேண்டும் என்று நேரத்தைப் போட்டே கேட்க வேண்டும். ஐந்தரை ஷிப்டுக்கு ஆறு மணி வாக்கில் இன்னொரு நடை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்தில் தாராபுரம் ரோட்டில் பஸ் இருக்கிறது, கொடுவாய் வரை வந்துவிடலாம்.

இது நாளைக்கே நடக்காது. அதுவரைக்கும் வேன் ஒன்றைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், மஞ்சள் போர்டு, சரியான பர்மிட், ஆறு மாதத்துக்கு மட்டும். லீவு நாளுக்குக் காசு உண்டா இல்லையா என்பதை முதல் சனிக்கிழமைக்கு முன்னால் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். வேனில் போகிறவர்களின் பட்டியலே தலைக்கணக்குக்குச் சாட்சியாகவும் ஆகும்.

மினி பஸ்ஸை நான் ஒதுக்கவில்லை. டவுன் பஸ் வந்த பிறகும் உள்ளே இருக்கிற மூன்று குக்கிராமங்களுக்கு அது வராது. அவர்களுக்கு 4 ரூபாயில் ரோட்டுக்கு வந்து சேர ஒரு வண்டி தேவைதான். அந்த மனுவை அந்த ஊர்க்காரர்கள் பெயரில் தனியாகப் போட வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கேட்டால், மினி பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம் என்று சொல்லி டவுன் பஸ் கோரிக்கையை முடித்துவிடுவார்கள்.